மூன்று விலைப்புள்ளிகள்

கோடை என்று தனியாக எதுவும் இங்கே கிடையாது.
ஜூனில் நான்கு வாரம் பிள்ளைகள் வரமாட்டார்கள்.
பழுதுபார்க்க எங்களுக்குள்ள பருவம்
அவ்வளவுதான்.

மே பத்தொன்பது, மாலை ஐந்தே கால்.
பொது அலுவலகத்தில் நானும் ரொஹாயாவும்.
உட்லண்ட்ஸ் பக்கம் இடி உருள்கிறது.
இரண்டாம் மாடி நடைவழியில் வாளி வைத்தாயிற்று;
அதே இடம், அதே நீல வாளி.

நான் வாசிக்க அவள் தட்டுகிறாள்.
மொட்டைமாடி: போன டிசம்பரில் பூசியது,
பொங்கலுக்குள் உரிந்தது.
வேதியியல் கூடத்துப் புகையுறிஞ்சி:
புகையை உறிஞ்சுவதில்லை, உறுமுகிறது.
மண்டபத் திரை பாதிதான் மூடும்,
மீதியை ஒரு மாணவர் தலைவன்
நாடகம் முடியும்வரை பிடித்துக்கொண்டு நிற்பான்.
தமிழ் வகுப்பு, மூன்றாம் மாடிக் கோடி,
மின்விசிறி நான்கில் ஒன்று
சுற்றும்போதெல்லாம் தலையாட்டுகிறது.
கயல்மொழி டீச்சர் பிப்ரவரியில் புகார் எழுதினார்.
மார்ச்சில் மறுபடி.
ஏப்ரலில் எழுதவில்லை.
அதுதான் உறுத்துகிறது.

எதற்கும் மூன்று விலைப்புள்ளி வேண்டும்.
துவாஸ்காரர் விலை குறைவு,
சாரக்கட்டு வாடகையைச் சொல்லாமல் விட்டிருக்கிறார்.
காக்கி புக்கிட்காரர் எல்லாம் சேர்த்துத்தான் சொல்கிறார்,
ஆனால் ஆகஸ்டில்தான் ஆள் வருமாம்.
மூன்றாமவர் மிஸ்டர் கோ,
விலை சொல்லுமுன் தொலைபேசியில் கேட்டார்:
'உங்கள் பள்ளியைத்தான் மூடப்போகிறார்களே?'

மூடல் இல்லை, இணைப்பு என்றேன்.
அப்படித்தான் சொல்லவேண்டும் என்று
சுற்றறிக்கை வந்திருந்தது.
இன்னும் இரண்டு ஆண்டு,
அதில் ஐந்து மாதம் போய்விட்டது.

நல்ல விசிறிக்குப் பத்தாண்டு உத்தரவாதம்.
மலிவானதற்கு இரண்டு.
கணக்குப் பார்த்தால் மலிவானது
அளவெடுத்துத் தைத்த சட்டை.

படிவம் கேட்கிறது:
எதிர்பார்க்கும் பயன்பாட்டுக் காலம்?
பேனாவை மூடிவிட்டு
மாடிக்குப் போனேன்.

வகுப்பில் யாரும் இல்லை.
மேசைகள் மட்டும் சொல்லின.
ஆடும் விசிறிக்கு நேர்கீழே
ஒரு வட்டம் காலி;
பதினாறு மேசையும் மற்ற மூன்று விசிறிக்கடியில்
தோளோடு தோள் இடித்துக்கொண்டு,
மழைக்கு ஒதுங்கியவர்களைப் போல.
யாரும் அவர்களைத் தள்ளி உட்காரச் சொல்லவில்லை.
அவர்களாகவே
பழுதைச் சுற்றிப் பள்ளிக்கூடம் நடத்தியிருக்கிறார்கள்.

இறங்கி வந்து
'பத்து' என்று எழுதினேன்.
காரணம்: கழற்றிப் புதிய பள்ளிக்குக் கொண்டுபோகலாம்.
ரொஹாயா தட்டுவதை நிறுத்தினாள்.
'அங்கே எல்லாம் ஏர்கான், சார்.'
தட்டு என்றேன்.
தட்டினாள்.

ஜூன் முதல் திங்கள். விடியலில் சுமத்ரா காற்று
ஆங்சானாக் கொப்பொன்றை வாசலில் போட்டுவிட்டுப் போயிருந்தது.
மிஸ்டர் கோவின் ஆள், அறந்தாங்கிக்காரர், பெயர் சின்னையன்,
ஏணியில் ஏறி விசிறியை ஒரு தடவை உலுக்கிவிட்டுக்
கீழே பார்த்தார்.
'இது மேல தப்பே இல்ல சார்.
வாஷர் தேஞ்சு போச்சு.'

நாற்பது காசு.
அவர் சட்டைப்பையிலேயே ஒன்று இருந்தது.

மூன்று விலைப்புள்ளி,
ஒப்புதல் கையெழுத்து இரண்டு,
கயல்மொழி டீச்சரின் இரண்டு கடிதம், எழுதாத ஒன்று.
விசிறி சுற்றியது,
தலையை நேராக வைத்துக்கொண்டு.
சின்னையனும் நானும்
சற்று நேரம் அதன் கீழே நின்றோம்.
இருவருக்கும் வேர்த்திருந்தது.

மிஞ்சிய பணம் மொட்டைமாடிக்குப் போகிறது,
இந்தமுறை இரண்டு பூச்சு.
கழிவுப் பட்டியலை முடிக்கும்போது ரொஹாயா கேட்டாள்,
நீல வாளியையும் சேர்த்துவிடவா?

இருக்கட்டும் என்றேன்.